வீட்டில் எத்தனை படி?

(குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். கேட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வார்டுக் குழந்தைகளுக்கு நான் ‘பிசியோ அக்கா’. நடுவில் எப்போதோ ‘ஆன்ட்டி’ ஆனேன். ஓய்வு பெறும்போது ‘பாட்டி’. பெயர்தான் மாறியது. புதிதாக வரும் பெற்றோரிடம் முதல் நாள் நான் கேட்பது மாறவில்லை. வீட்டில் எத்தனை படி? கக்கூஸ் எந்த மாதிரி? பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதில் போகும்? ஸ்கேன் கவரை நீட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கட்டியைப் பார்க்க டாக்டர்கள் இருக்கிறார்கள், எனக்கு வேண்டியது அந்தப் படிக்கட்டுதான். இந்த முறை வந்த கடிதங்களிலும் அதைத்தான் தேடினேன். பாதிப் பேர் எழுதவில்லை. அடுத்த தடவை எழுதுங்கள்.

என் மகனுக்கு 13 வயது. எலும்புப் புற்றுநோய் என்று இடது காலை முட்டிக்கு மேலே எடுத்து ஒரு மாதம் ஆகிறது. கீமோ இன்னும் பாக்கி இருக்கிறது. செயற்கைக்கால் எப்போது போடலாம்? இன்னொன்று: இல்லாத பாதத்தில் சுண்டுவிரல் முறுக்கி வலிக்கிறது என்று ராத்திரியில் அழுகிறான். மாமியார், “நடிக்கிறான்” என்கிறார்.
— ஒரு தாய், தேனி மாவட்டம்

முதலில் இரண்டாவது கேள்வி. பையன் நடிக்கவில்லை அம்மா. பாட்டியிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். கால் போனாலும், மூளையில் அந்தக் காலுக்கு என்று இருக்கும் இடம் போகவில்லை. அது இன்னும் சுண்டுவிரலிடமிருந்து சேதிக்குக் காத்துக்கொண்டே இருக்கிறது. சேதி வராதபோது அதுவாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த வலிக்கு மாத்திரைகள் உண்டு. அடுத்த கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம், ‘வலி’ என்று மட்டும் சொல்லாமல், ‘இல்லாத காலில் வலி’ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மாத்திரையோடு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் வாங்குங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் காட்டிக்கொடுத்த வழி இது. கண்ணாடிக் கடையில் ஏறக்குறைய நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒன்று வெட்டித் தரச் சொல்லி, ஓரமெல்லாம் தேய்த்து டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பையன் கட்டிலில் காலை நீட்டி உட்காரட்டும். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்துங்கள். கண்ணாடியின் முகம் வலது காலைப் பார்க்க வேண்டும், ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக மிச்சமுள்ள கால், அதற்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். இப்போது கண்ணாடிக்குள் பார்த்தால் இடது கால் திரும்பி வந்தது போல இருக்கும். வலது பாதத்தை மெதுவாக மடக்கி, நீட்டி, விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். முறுக்கிக்கொண்ட சுண்டுவிரல் கண்ணாடியில் பிரிவதைப் பார்த்து, “விட்டுருச்சு” என்று சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பலிப்பதில்லை. சிலர் கண்ணாடியைப் பார்த்ததும் உடைந்து அழுவார்கள், அப்போது எடுத்துவிடுங்கள். தினம் 10, 15 நிமிடம் போதும்.

இனி செயற்கைக்கால். புண் முழுக்க ஆறி, ஸ்டம்ப் வீக்கம் வடிய வேண்டும். கீமோ ஓடும்போது உடம்பு ஒரு வாரம் ஊதும், ஒரு வாரம் வற்றும். அதனால் அளவு எடுப்பதைச் சில இடங்களில் தள்ளிப்போடுவார்கள். சிலர் கீமோவுக்கு நடுவிலேயே தற்காலிகக் கால் ஒன்றைப் போட்டு நிற்க வைப்பார்கள். எப்போது என்பதை உங்கள் டாக்டரும் கால் செய்பவரும் பேசி முடிவு செய்யட்டும். ஆனால் அதுவரை சும்மா இருக்கிற காலம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் பையன் நிமிர்ந்து நடப்பானா, குனிந்து நடப்பானா என்பது இந்த மாதங்களில்தான் முடிவாகிறது.

ஸ்டம்புக்கு அடியில் தலையணை வைக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி பாசமாக ஒரு தலையணையைச் செருகி வைத்திருப்பார். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இடுப்பு மடங்கியபடியே இருந்தால் அப்படியே இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த கால் போட்டாலும் உடம்பு முன்னால் சாய்ந்துதான் நிற்கும். அதற்குப் பதில், தினம் மூன்று நான்கு தடவை, 20 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். டிவி எதிரே பாயைப் போட்டால் சண்டை இருக்காது. வாந்தி எடுக்கும் நாளில் கட்டாயப்படுத்த வேண்டாம், தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தால் போதும்.

ஸ்டம்பில் கிரேப் பேண்டேஜ் சுற்றச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வளையம் வளையமாகச் சுற்றாதீர்கள், இறுகிப்போய் நுனி பல்பு மாதிரி வீங்கும். எட்டு போடுவது போல் குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். துவைத்தால் நிழலில், தட்டையாகப் போட்டுக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் இழுவை போய்விடும். ஊன்றுகோலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை வாரம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். அது தேய்ந்து, ஈரத் தரையில் வழுக்கி, கையையும் உடைத்துக்கொண்டு வந்த பையன் ஒருவன் இருந்தான். அந்த புஷ்ஷின் விலை ஒரு காபிக் காசு.

காலுக்கு எங்கே போவது என்றும் கேட்பீர்கள். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. உங்கள் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள், அங்கிருந்து தொடங்குவது சுலபம். ‘ஜெய்ப்பூர் கால்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய ரப்பர் பாதம் அது. வெளிநாட்டுப் பாதத்துக்கு ஷூ வேண்டும், இதற்கு வேண்டாம். வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். அதை இலவசமாகப் பொருத்தும் அமைப்பு 1975ல் இருந்து இயங்குகிறது. உங்கள் மகனுக்கு முட்டிக்கு மேலே எடுத்திருப்பதால் பாதத்தோடு முட்டி மூட்டும் சேர்த்து வேண்டும், அதைச் சொல்லிக் கேளுங்கள். வளரும் பையன், ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை காலின் நீளத்தையோ, ஸ்டம்பை நுழைக்கும் சாக்கெட்டையோ மாற்ற வேண்டி வரும். அதனால் முதல் காலுக்கே நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

கழிவறை பற்றி எழுதவில்லையே? குத்துக்காலிட்டு உட்காரும் பழைய மாதிரி என்றால், நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலி மெடிக்கல் கடையில் கிடைக்கும். சுவரில் ஒரு பைப்பைக் கைப்பிடியாக அடித்துவிடுங்கள். 13 வயதுப் பையன், அம்மா பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்றால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவான். கீமோ நேரத்தில் அது ஆபத்து.

ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை, இப்போது மாத்திரைக் கட்டம். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அடிக்கடி தடுக்கி விழுகிறாள். செருப்பு கழன்று கிடப்பதே தெரியாமல் நடக்கிறாள். கவனக் குறைவா?
— ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி

செருப்பைக் கவனித்தீர்களே, நல்லது. அப்பாக்கள் பெரும்பாலும் மார்க்கைத்தான் கவனிப்பார்கள்.

இதற்குக் காரணம் மருந்தாக இருக்கலாம். வின்கிரிஸ்டின் என்று ஊசி போட்டிருப்பார்கள், கேஸ் ஷீட்டில் இருக்கும். அது நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டார்கள். 1960களிலிருந்து எத்தனையோ குழந்தைகளைச் சுடுகாட்டுக்குப் போகாமல் நிறுத்தியது அந்தச் செடிதான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம், நரம்பின் கடைக்கோடியைத் தாக்கும். கால் நரம்புதான் உடம்பிலேயே நீளம், அதனால் பாதம் முதலில் மாட்டிக்கொள்ளும். முன்பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்து, பாதம் தொங்கும். ரப்பர் செருப்பைப் பிடித்துக்கொள்ள விரலுக்குப் பலம் இல்லை, கழன்றது தெரிய உணர்ச்சியும் இல்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை. குதிகாலை மட்டும் ஊன்றி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள், ‘வாத்து நடை’ என்று விளையாட்டாகச் சொன்னால் செய்வாள். முன்பாதம் தரையை விட்டு எழவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நடக்கும்போது தப் தப் என்று சத்தம் கேட்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, தாடை வலி சொல்கிறாளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை ஏதாவது ஓடினால் அதன் பெயரையும் மறக்காதீர்கள். அவற்றில் சில, வின்கிரிஸ்டினை உடம்பில் தேங்கவைத்து நரம்பைக் கூடுதலாகக் கெடுக்கும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். அவள் உயிரோடு இருப்பது அந்த மருந்தால்.

வீட்டில் செய்ய வேண்டியது: ரப்பர் செருப்பை ஒழித்துவிட்டு, பின்னால் வார் உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ வாங்குங்கள். காலை நீட்டி உட்கார வைத்து, துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். 30 எண்ணும் வரை பிடித்து, விட்டு, ஐந்து தடவை. காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் சுருங்காமல் இருக்க இது முக்கியம். சுருங்கிவிட்டால் மருந்து முடிந்து நரம்பு தேறினாலும் குதிகால் தரையில் படாது. தேவைப்பட்டால் பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் செய்து தருவார்கள். ராத்திரி பாதத்தைத் தடவிப் பாருங்கள், முள் குத்தியிருந்தாலும் அவளுக்குத் தெரியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து நின்ற பிறகு மாதக் கணக்கில் மெல்லத் தேறும்.

ஒன்று மட்டும் தனி. இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி என்று சொல்லி நொண்டினால் அது வேறு விஷயம். ஸ்டீராய்டு மருந்து சில பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் இருக்கும் தொடையெலும்பின் பந்தில் ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடும். அதற்குத் துண்டுப் பயிற்சி எல்லாம் கிடையாது, உடனே டாக்டர்.

என் அண்ணன் மகளுக்கு 9 வயது. முட்டிக்கு மேலே எலும்பில் கட்டி. காலை வெட்டி, கீழ்க்காலைப் பின்பக்கமாகத் திருப்பித் தொடையில் ஒட்டிவிடுவார்களாம். பாதம் பின்னால் பார்க்குமாம்! இப்படியும் ஒரு ஆபரேஷனா? கேட்டதிலிருந்து வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.
— ஓர் அத்தை, ராமநாதபுரம்

சாப்பிடுங்கள் அம்மா. உங்களுக்குச் சொன்னது உண்மைதான், அது பைத்தியக்காரத்தனமும் இல்லை. ரொட்டேஷன்பிளாஸ்டி என்பார்கள். 1927லேயே ஜெர்மனியில் போர்க்ரேவ் என்ற டாக்டர் ஒரு சிறுவனுக்குச் செய்தார். 1970களில் வியன்னாவில் சால்சர் அதைப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தார்.

விஷயம் இதுதான். கட்டி இருக்கும் முட்டிப் பகுதியை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். நரம்பை மட்டும் அறுக்காமல் சுருட்டி வைப்பார்கள். மிச்சமுள்ள கீழ்க்காலை அரை வட்டம் திருப்பித் தொடையெலும்பில் பொருத்துவார்கள். இப்போது கணுக்கால், முட்டி இருந்த உயரத்துக்கு வந்துவிடும், குதிகால் முன்னால் இருக்கும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் முட்டியை மடக்கி நீட்டுவது போல வேலை செய்யும். அதன்மேல் செயற்கைக்காலை மாட்டினால், முட்டிக்குக் கீழே மட்டும் கால் இழந்தவர் போலப் பிள்ளை நடக்கும். ஓடும், குதிக்கும். சொந்த நரம்போடு சொந்தப் பாதம் என்பதால் தரையின் மேடு பள்ளம் தெரியும். முதல் கடிதத்தில் தேனிப் பையன் படும், இல்லாத காலில் வலிக்கும் வேதனையும் இதில் மிக அரிது.

பார்க்க எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி, அதை நான் மழுப்பப் போவதில்லை. முதல் தடவை கட்டுப் பிரிக்கும்போது அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைகள் அம்மா முகத்தைத்தான் பார்ப்பார்கள், காலை இல்லை. ஒரு சின்னப் பெண் பின்னால் பார்த்த தன் விரல்களை ஆட்டிவிட்டு, “பிசியோ அக்கா, இப்ப என் கால் எனக்கே டாட்டா காட்டுது” என்றாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அவள் அம்மா சிரித்துவிட்டார்.

இன்னொரு வழி, உள்ளே உலோக மூட்டு வைப்பது. மெகா புரோஸ்தெசிஸ் என்பார்கள். நம் நாட்டிலேயே குறைந்த செலவில் செய்யும்படி இதை வளர்த்ததில் சென்னை டாக்டர் மயில்வாகனன் நடராஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே பார்க்கக் கால் முழுசாக இருக்கும். ஆனால் 9 வயதுப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவோ வளர்ச்சி பாக்கி. மூட்டு வளராது. நீட்டக்கூடிய மூட்டுகள் வந்திருக்கின்றன, விலையும் ஆபரேஷனும் கூடும். சீழ் பிடிக்கும் பயம் ஆயுசுக்கும் இருக்கும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, சம்மணம் போடுவதும் குத்துக்காலிட்டு உட்காருவதும் மறந்துவிட வேண்டியதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன், கட்டி எங்கே, எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இதே ஆபரேஷன் செய்த பிள்ளை ஒன்றைப் பார்க்க முடியுமா? உங்கள் மருமகளையும் கூட்டிப்போங்கள். 9 வயதுக்கு நிறையப் புரியும். “பின்னால் கல்யாணம்…” என்று யாராவது ஆரம்பித்தால், அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

கண்ணில் வந்த புற்றுநோயால் என் பேரனுக்கு ஒன்றரை வயதில் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கண் வைத்திருக்கிறோம். இப்போது நாலு வயது, பள்ளியில் சேர்க்க வேண்டும். சொல்லலாமா, மறைக்கலாமா? ஊனச் சான்றிதழ் கிடைக்குமா?
— ஒரு தாத்தா, நாமக்கல்

டீச்சரிடம் சொல்லியே ஆக வேண்டும் ஐயா. காரணம் இரக்கம் இல்லை, உட்காரும் இடம். இடது கண் இல்லாத பிள்ளை வகுப்பின் இடது ஓரத்தில் உட்கார வேண்டும், அப்போதுதான் மொத்த வகுப்பும் அவன் வலது கண்ணுக்குள் வரும். இடது பக்கமிருந்து ஓடி வருபவன் இவனுக்குத் தெரியாது, மோதிவிட்டு அடிதடி ஆகும். டீச்சருக்குத் தெரிந்தால் இவன் அடி வாங்க மாட்டான்.

ஒற்றைக் கண்ணில் தூரம் மட்டுப்படாது. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகும். சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றப் பழக்குங்கள். இருக்கிற கண்ணைக் காப்பாற்ற, பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள். முகம் வளர வளரச் செயற்கைக் கண்ணையும் பெரிதாக்க வேண்டும். பழையது ஆடுகிறது, இமை தொங்குகிறது என்றால் காலம் வந்துவிட்டது. மறு கண்ணின் செக்கப்பைத் தவறவிடாதீர்கள். தம்பி தங்கை இருந்தால் அவர்கள் கண்ணையும் காட்டுங்கள், சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும்.

சான்றிதழ் விஷயத்தில் எனக்கே கோபம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. புற்றுநோய் அதில் இல்லை. நோய்க்குச் சான்றிதழ் கிடையாது, நோய் விட்டுச்சென்ற குறைபாட்டுக்குத்தான். சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். மறு கண் நன்றாக இருந்தால் ஒற்றைக் கண் இழப்புக்கு 30தான் போடுவார்கள். அந்தப் பிள்ளை டம்ளருக்கு வெளியே ஊற்றும் தண்ணீர் எந்தக் கணக்கிலும் வராது.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என் வகுப்பில் ஒரு மாணவன் மூளைக் கட்டி ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எட்டாம் வகுப்புக்குத் திரும்பியிருக்கிறான். முன்பு நன்றாகப் படித்தவன். இப்போது தள்ளாடி நடக்கிறான், கேட்டால் பதில் வருவதில்லை, எழுதி முடிப்பதில்லை. பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். சோம்பலா, நோயா, எப்படிக் கையாள்வது?
— நாகப்பட்டினம்

சார், இதற்கு என் தப்பு ஒன்றைச் சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதே போல் ஒரு பையன், அவனுக்கும் சிறுமூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஆபரேஷன் செய்த பிள்ளைகளில் சிலருக்கு அப்படி ஆகும், வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். அவனுக்கும் திரும்பியது. கோட்டின் மேல் நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். “சட்டையைக் கொண்டு வா” என்றால் பரீட்சை அட்டையைக் கொண்டு வருவான். “திரும்பு” என்றால் நிற்பான். நான் அவன் பின்னால் நின்றுதான் பேசுவேன், விழுந்தால் பிடிக்க வேண்டுமே. மூன்று மாதம், பிடிவாதக்காரன் என்று நினைத்து அதட்டியிருக்கிறேன். ஒரு நாள் அவன் அம்மா, “நீங்க முன்னாடி வந்து சொல்லுங்கக்கா, அப்பத்தான் செய்வான்” என்றார். காது டெஸ்டுக்கு அனுப்பினேன். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து, கீச்சுக் குரல் சத்தங்களைக் கேட்கும் சக்தியைத் தின்றிருந்தது. சட்டையில் ‘ச’ கேட்காது, மிச்சம்தான் கேட்கும். அதனால்தான் அட்டை வந்தது. சத்தம் கேட்கும், சொல் புரியாது. நானும் இதே வார்டில்தான் அத்தனை வருடம் இருந்தேன்.

அதனால் முதலில் அவன் காதைச் சோதித்திருக்கிறார்களா என்று பெற்றோரிடம் கேளுங்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீர்கள், அவன் உங்கள் உதட்டைப் பார்க்கட்டும். முன் பெஞ்ச், சுவரோரம். சுவர் இருந்தால் தள்ளாடும்போது கை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிள்ளைகளுக்கு முக்கியமாக யோசனை ஓடும் வேகம் குறைகிறது. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். வகுப்பில் பத்து எண்ணும் நேரம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும், அதற்குள் நாலு பேர் கை தூக்குவார்கள். தூக்கட்டும், காத்திருங்கள். பதில் வரும். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், எழுதியதை நகல் எடுத்துக் கொடுங்கள். பத்துக் கணக்குக்குப் பதில் நாலு. மத்தியானத்தில் களைத்துப்போவான், முக்கியமான பாடத்தைக் காலையில் வையுங்கள். இந்தச் சிக்கல் இந்த வருடத்தோடு தீராது, மேல் வகுப்பு போகப் போகக் கூடுதலாகத் தெரியலாம். அடுத்த வருட ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள், கூப்பிடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும் முன் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க வையுங்கள். ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடிப் பயனில்லை.

கேலிக்கு வகுப்பெடுக்க வேண்டாம். அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பேசவும் வேண்டாம். அவன் சம்மதித்தால் அவனே சொல்லட்டும், மூளையில் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள், அதனால் தள்ளாடுகிறேன் என்று. எங்கள் பையன் இப்படிச் சொல்லிவிட்டுத் தலையிலிருந்த தையலையும் காட்டினானாம். அதற்கு அப்புறம் வகுப்பில் அவனுக்குத் தனி மரியாதை.

எனக்கு 16 வயது. வலது கால் முட்டிக்குக் கீழே செயற்கைக்கால், போட்டு இரண்டு வருடம் ஆகிறது. பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். “உனக்கு எதுக்கு, தம்பி ஓட்டட்டும்” என்கிறாள் அம்மா. எங்கள் மிஸ் டெர்ரி ஃபாக்ஸ் கதை சொன்னார். நான் ஓட்டலாமா?
— ஒரு மாணவி, அரியலூர்

ஓட்டலாம் கண்ணு. புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, 1980ல் ஒற்றைச் செயற்கைக்காலோடு கனடாவில் 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். அடுத்த வருடமே அவரைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது, ஆனால் அவர் பெயரில் இன்னும் உலகமெல்லாம் ஓடுகிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஓடுகிறார்கள். பெரிய மனிதர். ஆனால் கால் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கதையைச் சொல்வது எனக்குப் பிடிக்காது. உனக்கு கனடாவைக் கடக்க வேண்டாம், டியூஷனுக்குப் போய் வர வேண்டும். அதற்கு வழி சொல்கிறேன்.

சீட்டை இறக்கு. உட்கார்ந்தபடி இடது பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். உனக்குக் கொடுத்தது குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள்தானே? இடது பக்கம் நின்று, செயற்கைக்காலை முதலில் அந்தப் பக்கம் போட்டுவிட்டு உட்கார். பெடலில் வலது பாதத்தின் நடுப்பகுதி இருக்கட்டும், நுனியில் வைத்தால் நழுவும். பாதத்தைப் பெடலோடு கயிறு, வார் எதுவும் போட்டுக் கட்டாதே, விழும்போது எடுக்க முடியாது. கிளம்புவதும் நிறுத்துவதும் இடது காலால் மட்டும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும், பள்ளி மைதானத்தில். இறங்கியதும் காலைக் கழற்றி முட்டிக்குப் பின்னால் பார். சாக்கெட்டின் விளிம்பு அங்கேதான் உரசும். சிவப்பு இருந்தால், அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டதா என்று பார். மறையவில்லை என்றால் கால் செய்தவரிடம் போய் விளிம்பைத் தேய்க்கச் சொல், அதுவரை ஓட்டாதே. இரண்டு வருடத்துப் பழைய கால், இந்த வயதில் நீ வளர்ந்திருப்பாய், எப்படியும் அளவு பார்க்க வேண்டும்.

முதல் ஒரு வாரம் பின்னால் காரியரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆள் வேண்டும். தம்பியைக் கூப்பிடு.